வாழாதவளைச் சாகச் சொல்வது: ‘கருக்கு’ நூலின் மடத்துப் பக்கங்களை முன்வைத்து

போன மே மாதம் எங்க அக்கா மகள் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஒரு கன்னியர் சபை நடத்திய மூன்று நாள் அழைத்தல் முகாமுக்குப் போய்வந்த கையோடு வாங்கிவந்த படிவம். ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் சான்று, பங்குச் சாமியாரின் கடிதம், டாக்டர் சர்டிபிகேட், பெற்றோர் சம்மதம் என்று வரிசையாகக் கேட்டிருந்தது. “சித்தி, அம்மா ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாக” என்றாள். அக்கா பின்னாலேயே வந்து வாசப்படியில் உட்கார்ந்துகொண்டு, “நீயும் போயிட்டு வந்தவதான, நீயே சொல்லு” என்றாள்.

உண்மைதான். நானும் பதினேழு முடிந்த வயசில் ஒரு மடத்துக்குப் போய்ப் பத்து மாதம் இருந்துவிட்டு வந்தவள். ஏன் வந்துட்ட என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் “ஒடம்புக்குச் சேரல” என்று சொல்லிவைத்திருந்தேன். இத்தனை வருசம் கழித்து அதே பொய்யை அந்தப் பிள்ளையிடமும் சொல்ல நாக்கு வரவில்லை. பாமாவின் ‘கருக்கு’ நூலை எடுத்துக் கொடுத்து, “இத வாசி. வாசிச்சிட்டு வா, பேசுவம்” என்று அனுப்பினேன்.

நாலு நாளில் வாசித்துவிட்டு வந்தாள். ஊர்ப் பக்கங்கள் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தன. நம்ம பாட்டி பேசுறாப்புலயே இருக்கு என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: “மடத்தப் பத்திச் சொல்றது மட்டும் கோவத்துல எழுதுன மாதிரி இருக்கு சித்தி. அவுகளுக்கு அமஞ்ச மடம் அப்படி. எனக்கு வேற மாதிரி அமையலாம்ல?”

பதினெட்டு வயசுப் பிள்ளை சொன்ன இதே கருத்தைத்தான் முப்பது வருசத்துக்கும் மேலாக நம் விமர்சகர்களும் பேராசிரியர்களும் செந்தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ‘கருக்கு’ நூலின் ஊர்ப் பகுதி இலக்கியம், மடத்துப் பகுதி சொந்த ஏமாற்றம் என்பது அவர்களுடைய வாசிப்பு. இந்த வாசிப்பு தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. தவறு என்பதோடு, நம் தெருப் பிள்ளைகளுக்குக் கெடுதலும் செய்கிற வாசிப்பு இது.

‘கருக்கு’ 1992இல் மதுரை ‘ஐடியாஸ்’ மையத்தின் வெளியீடாக வந்தது. பாமா ஆசிரியை வேலையை விட்டுவிட்டு மடத்தில் சேர்ந்து, ஏழு வருசம் இருந்து, அதே 1992இல் வெளியே வந்தவர். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்தது. கிராஸ்வேர்டு பரிசும் வாங்கியது. இன்று பல பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோதும் பாடமாக இருந்தது. எங்களுக்கு நடத்தியவர் வடைப் பொட்டலக் காட்சியை ஒரு வாரம் நடத்தினார். நம்ம தெருப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுப்பதும், அதைப் பார்த்துச் சிரித்த சிறுமிக்கு அண்ணன் விசயத்தை விளக்குவதுமான காட்சி. அருமையான காட்சிதான். ஆனால் அந்தக் காட்சியோடு புத்தகம் முடிந்துவிட்டது மாதிரி அவர் மூடிவிட்டார். மடத்துப் பக்கங்களுக்கு வந்தபோது, “இது அவங்க திருச்சபை உள்விவகாரம், பரீட்சைக்கு வராது” என்றார். பத்து மாதம் மடத்தில் இருந்தவள் அந்த வகுப்பில் மூணாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

உள்விவகாரம் என்று ஒதுக்குவதற்கு முன்னால், ஒரு பெண் கன்னியாஸ்திரி ஆவது எப்படி நடக்கிறது என்று நாம் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒரே நாளில் உடுப்பு மாட்டுகிற காரியமில்லை. முதலில் அழைத்தல் முகாம். பிறகு கேண்டிடேட், போஸ்டுலன்ட் என்று சபைக்குச் சபை பெயரும் காலமும் மாறுகிற ஆரம்பப் படிகள். அதற்குப் பிறகு நவதுறவகம், அதாவது நோவிஷியேட். இன்று நடைமுறையிலிருக்கும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி பதினேழு வயது முடியாமல் நவதுறவகத்தில் சேர்க்க முடியாது. அங்கே குறைந்தது 12 மாதம் இருக்க வேண்டும். பிறகு கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்றுக்கும் முதல் வார்த்தைப்பாடு. இது தற்காலிகமானது, மூன்று வருசத்துக்குக் குறையாமல், பொதுவாக ஆறு வருசத்துக்கு மேற்படாமல் இருக்கும். அப்புறம்தான் நித்திய வார்த்தைப்பாடு. அதற்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். பலவந்தம், பயமுறுத்தல், வஞ்சகம் இவற்றால் சேர்க்கப்பட்டால் சேர்ந்ததே செல்லாது என்றும் சட்டம் சொல்கிறது.

எழுத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. வருசக்கணக்கில் யோசிக்க நேரம் கொடுக்கிறார்கள், வேண்டாமென்றால் போகலாம். சாதி என்ற சொல்லே எங்கும் இல்லை. அப்படியானால் சாதி எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது?

அதே சட்டத்தில், சேர வருகிறவளைப் பற்றிய சான்றிதழ்களைச் சொல்லும் 645ஆம் பிரிவில், கடைசியாக ஒரு வரி இருக்கிறது. தேவை என்று தோன்றினால் தலைவியர் வேறு தகவல்களையும் கேட்டறியலாம், ரகசியமாகவும் கேட்கலாம் என்பது அதன் பொருள். உலகத்துக்கெல்லாம் பொதுவாக எழுதிய வரி. ரோமாபுரியில் எழுதியவர்களுக்கு நம்ம ஊர் மனசில் இருந்திருக்காது. ஆனால் அந்த வரி நம்ம ஊருக்கு வந்தால் என்னவாகும் என்று நம் சனங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படிவத்தில் சாதிக்குக் கட்டம் கிடையாது. பங்குச் சாமியாரின் கடிதம் இருக்கிறது, ஊர்ப் பெயர் இருக்கிறது, ‘குடும்பப் பின்னணி’ இருக்கிறது. இது போதாதா?

இந்த இடத்தில் ‘கருக்கு’ நூலின் ஒரு ஊர்க் காட்சியை நினைவுபடுத்துகிறேன். பள்ளிக்கூடத்தில் தேங்காய் திருடியதாகச் சிறுமி மேல் பழி விழுகிறது. திரும்பச் சேர்க்க வேண்டுமென்றால் சாமியாரிடம் கடிதம் வாங்கி வா என்கிறார்கள். சாமியாரோ, சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்ற நினைப்போடுதான் பேசுகிறார். நம் விமர்சகர்கள் இதைச் ‘சிறுவயது அனுபவம்’ என்ற தலைப்பில் அடுக்கிவிட்டார்கள். எனக்கோ என் அக்கா மகள் கொண்டுவந்த படிவத்தில் ‘பங்குச் சாமியாரின் கடிதம்’ என்ற வரியைப் பார்த்ததும் அந்தத் தேங்காய்தான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட வாசலில் கேட்ட கடிதமும் மடத்து வாசலில் கேட்கிற கடிதமும் ஒன்றுதான். நீ யார் என்று நீ சொன்னால் போதாது, உன்னைப் பற்றி இன்னொருத்தர் சொல்ல வேண்டும். அந்த இன்னொருத்தருக்கு உன் தெரு தெரியும்.

பயிற்சி முடியப்போகிற கட்டத்தில் ஒரு சிஸ்டர் சொல்லித்தான் பாமாவுக்கு அந்தச் செய்தி தெரியவருகிறது. சில சபைகளில் ஹரிஜனப் பெண்களைச் சேர்ப்பதில்லை, அவர்களுக்கென்று எங்கோ தனிச் சபையே இருக்கிறது என்பது செய்தி. சாதி இல்லாத இடமே இல்லையா என்று அவர் உள்ளுக்குள் புலம்புகிறார். புலம்பினாலும் தொடர்ந்து இருந்து வார்த்தைப்பாடு கொடுக்கிறார். ஏன் அன்றைக்கே மூட்டையைக் கட்டவில்லை என்று கேட்கிறவர்கள் உண்டு. மடத்துக்குள் இருந்தவர்கள் கேட்கமாட்டார்கள். அந்தப் பயிற்சியின் முதல் பாடமே, உனக்குத் தோன்றுகிற சந்தேகம் உன் ஆணவம் என்பதுதான். வலித்தால் அது சோதனை. கோபம் வந்தால் அது பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவம். கேள்வி கேட்கிற வாயையே குற்றவாளி ஆக்கிய பிறகு எந்தச் செய்தி வந்தால்தான் என்ன?

என்னுடைய பத்து மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என்னை யாரும் அடிக்கவில்லை, சாதி சொல்லித் திட்டவில்லை. முதல் வாரத்திலேயே என் பேச்சைத் திருத்தினார்கள். ‘வாரேன்’, ‘அவுக’, ‘என்னத்த’ எல்லாம் கூடாது. துறவிக்கு ஏற்ற பேச்சு வேண்டுமாம். சரி என்று பழகினேன். மாட்டுக்கொட்டகை, சமையல்கட்டு, கோயில், தோட்டம் என்று எல்லோருக்கும் வாரமுறை வேலை மாறும். நாலாம் மாதம் அப்பா பனங்கிழங்கு கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தார். பார்லரில் நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே இருந்தார். வந்து பேசிய சிஸ்டர் அன்பாகத்தான் பேசினார். “ஊர்ல எந்தத் தெருங்க?” என்று மட்டும் கேட்டார். அப்பா சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து மாட்டுக்கொட்டகை முறை எனக்கு மாறவேயில்லை. பத்தாம் மாதம் கூப்பிட்டு, “உனக்கு அழைத்தல் இல்லை போலிருக்கும்மா, நன்றாக ஜெபித்துப் பார்” என்றார்கள்.

‘அழைத்தல் இல்லை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வேலைக்குப் போனால் தகுதி இல்லை என்பான், ஏன் என்று கேட்கலாம். கடன் கேட்டால் ஜாமீன் இல்லை என்பான், சண்டை போடலாம். இங்கே மறுக்கிறவர் யாரும் இல்லை. கடவுள் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். யாரிடம் போய் முறையிடுவது? அதனால்தான் “ஒடம்புக்குச் சேரல” என்று ஊருக்குச் சொன்னேன். அது உண்மையில் வேறு யாரோ சொல்ல வேண்டிய பொய். என் வாயால் சொல்ல வைத்தார்கள். தாங்கமுடியாமல் வெளியே வந்த பாமா பொய் சொல்லாமல் புத்தகம் எழுதினார் என்பதுதான் ‘கருக்கு’ நூலின் முதல் பெருமை. அதன் மொழிநடையை எல்லாம் பிறகு பேசலாம்.

இனி அந்த மூன்று வார்த்தைப்பாடுகள். ஏழ்மை என்கிறார்கள். ஏழ்மையை வார்த்தைப்பாடாகக் கொடுக்க வேண்டுமென்றால் விட்டுக்கொடுக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும். அசிசி பிரான்சிஸ் துணி வியாபாரி மகன். அப்பன் சொத்தைத் தூக்கி எறிந்தார், அது துறவு. நம்ம பிள்ளை எதை எறிவாள்? பாமா எறிந்தது அரும்பாடுபட்டுப் படித்து வாங்கிய ஆசிரியை வேலையை. போன இடத்தில் இருந்ததோ பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம், வேளாவேளைக்கு வகையான சாப்பாடு, வசதியான கட்டடம். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைத்த சபை நிறுவனரின் வாழ்க்கையை வாசித்துவிட்டு, அதேபோல் வாழ வேண்டுமென்று போனவர் அவர். பிறப்பிலேயே வறுமையைப் பார்த்தவள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு முதல்முறையாக வசதியைப் பார்க்கிறாள். இந்தக் கேலிக்கூத்தைத்தான் மடத்துப் பக்கங்களில் அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொன்னதையே சொல்கிறார் என்று விமர்சகர்கள் குறைப்படுகிறார்கள். வயித்தில் பசியோடு வளர்ந்த ஒருத்திக்கு அந்தச் சாப்பாட்டு மேசை தினம் மூன்று வேளை வந்தது. மூன்று வேளையும் சொல்லத்தான் செய்வாள்.

அடுத்தது கீழ்ப்படிதல். இங்கேதான் ‘கருக்கு’ ஒரே புத்தகம் என்பது எனக்கு விளங்கியது. ஊர்ப் பக்கங்களில் பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை பார்க்கிறாள். பொழுது விடியுமுன் போய் வேலைசெய்து, கடைசியில் அவர்கள் எட்ட நின்று போடுகிற பழைய சோற்றைக் கும்பிட்டு வாங்கி வருகிறாள். அவர்கள் மகராசர்கள், அவர்கள் இல்லாமல் நாம் பிழைக்க முடியுமா என்கிறாள். பேத்திக்குப் பொறுக்கவில்லை. படித்து முன்னேறு என்று அண்ணன் சொல்லிக்கொடுக்கிறார். படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், சேரிப் பிள்ளைகளை மட்டமாக நடத்துகிறவர்களை எதிர்த்துப் பேசுகிறாள். அப்படி நிமிர்ந்தவள் மடத்துக்குப் போன பிறகு எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்க வேண்டும், காரணம் சொல்லாமல் மாற்றினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், எதிர்த்துப் பேசினால் வார்த்தைப்பாட்டை மீறியவள். பாட்டி நின்ற அதே இடத்தில் பேத்தி வந்து நிற்கிறாள். வித்தியாசம் என்னவென்றால் பாட்டியின் கும்பிடுக்குப் பெயர் பிழைப்பு, பேத்தியின் கும்பிடுக்குப் பெயர் புண்ணியம். ஊர்ப் பகுதியை மட்டும் பாடம் நடத்துகிறவர்கள் பாட்டியைக் காட்டி அய்யோ பாவம் என்கிறார்கள். பேத்தியைக் காட்ட அவர்களுக்குத் தைரியம் இல்லை. அப்படிக் காட்டினால் கொடுமை நடக்கிற இடம் கிராமத்தை விட்டு, படித்தவர்கள் நடத்துகிற நிறுவனத்துக்குள் வந்துவிடும்.

இதை ஒரு நீதிமன்ற வழக்கு எனக்கு இன்னும் தெளிவாக்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் வேலைபார்க்கும் கன்னியர்கள், குருக்களின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 2019இல் பிடிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வரி கட்டுவதா வேண்டாமா என்பது நம் கவலை இல்லை. திருச்சபைத் தரப்பு வைத்த வாதம்தான் நமக்கு முக்கியம். வார்த்தைப்பாடு கொடுத்தவர் திருச்சபைச் சட்டப்படி ‘சிவில் மரணம்’ அடைந்தவர், அவர் வாங்குகிற சம்பளம் அவருக்குச் சேர்வதில்லை, சபைக்கே சேர்கிறது என்றார்கள். சட்டத் தொகுப்பின் 668ஆம் பிரிவும், துறவி தன் உழைப்பால் சம்பாதிப்பது சபைக்கே உரியது என்கிறது. 702ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: வெளியேறுகிறவர் தான் செய்த எந்த வேலைக்காகவும் சபையிடம் எதையும் கேட்க முடியாது. நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ளுங்கள் என்று சபைக்கு ஒரு புத்திமதி மட்டும் உண்டு.

சிவில் மரணம்! நம்மவர்கள் எப்போது சிவில் வாழ்க்கை வாழ்ந்தார்கள், சாவதற்கு? சொத்து, ஓட்டு, சம்பளம், தன் பெயரில் ஒரு கையெழுத்து என்பதெல்லாம் நம் பாட்டிமார் பார்க்காதவை. அம்பேத்கர் போராடி, நம் தாய்மார் களையெடுத்துப் படிக்கவைத்து, முதல் தலைமுறையாக ஒருத்தி ‘நான்’ என்று சொல்லப் பழகுகிறாள். பழகி முடிக்குமுன் அந்த ‘நான்’ சாக வேண்டும் என்கிறார்கள். நிலபுலம் உள்ள வீட்டுப் பெண்ணுக்கு இது ஒரு துறவாக இருக்கலாம். திரும்பி வந்தால் அவளுக்குத் தாங்க ஒரு வீடு, ஒரு வட்டாரம் உண்டு. நம்மவளுக்கு வெளியே என்ன இருக்கிறது? புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பாமா வேலையில்லாமல், கையில் காசில்லாமல், வெளியுலகத்தில் எப்படி நடப்பது என்றே மறந்துபோனவராக நிற்பதை ‘மனச்சோர்வு’ என்று எழுதிய விமர்சனங்கள் உண்டு. அது 702ஆம் பிரிவு, அய்யா! மனசு சம்பந்தப்பட்ட விசயம் மட்டுமில்லை.

இதெல்லாம் நம்ம ஊர் சாதியால் வந்த கோளாறு, அசல் துறவு அப்படியில்லை என்று சாமியார்கள் சிலர் சொல்வார்கள். அய்ரோப்பாவிலும் மடங்கள் சமமாக இருந்ததில்லை. சீர்வரிசைப் பணத்தோடு வந்த பெண்கள் பாடல்குழுச் சகோதரிகள். கோயிலில் இருந்து செபிப்பார்கள், தலைவியைத் தேர்ந்தெடுப்பார்கள். பணமில்லாமல் வந்தவர்கள் பணிச் சகோதரிகள்; அடுப்படி, துணி, தோட்டம் அவர்களுடையது, ஓட்டு கிடையாது. இந்தப் பிரிவினையை நீக்கி ஒரே வகைச் சகோதரிகளாக்குங்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் துறவியர் பற்றிய ஆணையில் சொல்ல வேண்டியிருந்தது. கேரளத்தில் ஏவல் வேலைக்கென்றே இருந்த ‘சேடத்தி’ சகோதரிகளைப் பற்றி, 2009இல் வந்த ‘ஆமென்’ தன்வரலாற்றில் சிஸ்டர் ஜெஸ்மி எழுதுகிறார். நம்ம மதுரையிலேயே 17ஆம் நூற்றாண்டில் சேசு சபையார் மேல்சாதிக்குப் பிராமண சந்நியாசி வேடம், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி வேடம் என்று துறவியையே இரண்டாக வகுத்தார்கள். நோபிலியைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே வர்க்கம் நுழைந்த வாசலில் இங்கே சாதி நுழைந்தது. வாசல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

ஜெஸ்மியின் நூலையும், 2019இல் சபையிலிருந்து நீக்கப்பட்ட சிஸ்டர் லூசி களப்புரையின் தன்வரலாற்றையும் ‘கருக்கு’ நூலோடு சேர்த்து ‘மடத்தை விட்டு வந்த பெண்கள்’ என்று ஒரே கட்டாகக் கட்டுகிறார்கள். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அவர்கள் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர்கள். தனி ஒருத்தியின் உரிமை அவர்களுடைய வழக்கு. பாமாவின் வழக்கில் தெருவே வாதி.

இப்போது மொழி. பாமா வட்டாரச் சேரித்தமிழில் எழுதினார் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். நாட்டார் வழக்கு, மண்வாசனை என்றெல்லாம் எழுதுகிறார்கள். சேரியைச் சேரித்தமிழில் எழுதியது பெரிசுதான். மடத்தையும் அதே தமிழில் எழுதியது அதைவிடப் பெரிசு என்பேன். நான் முன்னால் சொன்னேனே, என் ‘வாரேன்’, ‘அவுக’ எல்லாவற்றையும் முதல் வாரமே திருத்தினார்கள் என்று. மதர், மடத்துச் சாப்பாட்டு அறை, வார்த்தைப்பாடு, செபம் எல்லாவற்றையும் நம் தெருப் பொம்பளை ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற பேச்சில் கொண்டுவந்து நிறுத்தினால் அவற்றின் பவிசு என்னவாகும்? அந்த மொழியில் மடத்துக்குப் புனிதம் ஒட்டமாட்டேன் என்கிறது. இது மண்வாசனை இல்லை, பழி தீர்ப்பது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. நம்மவர் எழுதியது என்பதற்காக மறைக்கக் கூடாது. ஊர்ப் பக்கங்களில் பாமா ஆட்களை நடமாட விடுகிறார், நாம் பார்க்கிறோம். மடத்துப் பக்கங்களில் ஆட்கள் குறைந்து, வாதம் கூடிவிடுகிறது. நவதுறவகத்தின் ஒரு நாள் எப்படி விடிந்தது, யார் எந்த வேலை செய்தார்கள் என்பதெல்லாம் மங்கலாகத்தான் தெரிகிறது. கூட இருந்த மற்ற தலித் சகோதரிகள் என்ன நினைத்தார்கள் என்ற கேள்விக்கும் போதிய விடை இல்லை. காயம் ஆறுமுன் எழுதியது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் காட்சிகள் இல்லாததால்தான் என் அக்கா மகள் “கோவத்துல எழுதுன மாதிரி இருக்கு” என்று சொல்ல முடிந்தது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது பாமா மட்டும் இல்லை. போய்விட்டுத் திரும்பி வந்து ஒடம்புக்குச் சேரல என்று பொய் சொல்லிக்கொண்டு திரிகிற என்னைப் போன்றவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மடத்துச் சிஸ்டர்மார் பள்ளிக்கூடம் வைக்காவிட்டால் பாமாவும் படித்திருக்க முடியாது, நானும் படித்திருக்க முடியாது. ‘கருக்கு’ நூலை வெளியிட்டதே சேசு சபையார் நடத்திய மையம்தான். இன்றைக்கும் நம் தெருக்களில் பிறந்த எத்தனையோ சிஸ்டர்மார் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் உண்மையாக உழைக்கிறார்கள். சிலர் உள்ளேயிருந்தே சண்டையும் போடுகிறார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்கிற உரிமை எனக்கில்லை. திருச்சபையும் சும்மா இருக்கவில்லைதான். இந்தியாவின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் ஒத்துக்கொண்டது. 2022இல் முதல் தலித் கர்தினாலாக அந்தோணி பூலா ஆனார். நல்லது. ஆனால் கர்தினால் தொப்பி மேலேயிருந்து வருகிறது, மாட்டுக்கொட்டகை முறை கீழே நடக்கிறது. அரசாங்கமோ 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை வைத்து, கிறிஸ்தவளானால் நீ பட்டியல் சாதி இல்லை என்கிறது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. அரசாங்க ஏட்டில் நமக்குச் சாதி கிடையாது. மடத்துப் பார்லரில் அப்பாவிடம் தெருவைக் கேட்கும்போது மட்டும் இருக்கிறது.

அக்கா மகளைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போகாதே என்று சொன்னால் அதுவும் ஒரு கீழ்ப்படிதல்தான். இரண்டாம் தடவையாக ‘கருக்கு’ நூலை இருவரும் சேர்ந்து வாசித்தோம். மடத்துப் பக்கங்களிலிருந்து தொடங்கி ஊருக்குத் திரும்பினோம். என் பத்து மாதத்தையும் முதல்முறையாக முழுசாகச் சொன்னேன். அக்கா வாசப்படியிலிருந்து எழுந்து உள்ளே வந்து கேட்டாள். பிறகு அந்தப் பிள்ளை தானாக ஒரு தாளை எடுத்து, முகாமுக்கு வந்த சிஸ்டரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதினாள்.

என்னைப் பற்றி யாரிடம் ரகசியமாக விசாரிப்பீர்கள், என்ன கேட்பீர்கள்? உங்கள் சபையில் எங்கள் தெருக்களிலிருந்து வந்து நித்திய வார்த்தைப்பாடு வரைக்கும் போனவர்கள் எத்தனை பேர், அவர்களில் தலைவியானவர்கள் எத்தனை பேர்? உடுப்பு மாட்டும் முன் ஒரு டிகிரி முடிக்க விடுவீர்களா? பத்து வருசம் கழித்து நான் வெளியே வந்தால் என் கையில் என்ன கொடுத்து அனுப்புவீர்கள்? என்னை வேண்டாமென்று அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கொடுப்பீர்களா, இல்லை அழைத்தல் இல்லை என்று மட்டும் சொல்வீர்களா?

ஐந்து கேள்வி. எம்.ஏ. தமிழ் முழுக்க ‘கருக்கு’ பற்றி நான் கேட்ட எந்த விமர்சனத்தையும்விட இது சரியான விமர்சனம். கடிதத்தைப் போன திங்கட்கிழமை தபாலில் போட்டோம். பதில் வந்த பிறகு படிவத்தில் கையெழுத்துப் போடுவதா இல்லையா என்று அவளே முடிவு செய்வாள். எந்த முடிவானாலும் நான் அவள் பக்கம்தான்.

மடத்துக்குப் போய்த் திரும்பி வந்த அக்கா தங்கச்சிமார் இதை வாசித்தால், ஒடம்புக்குச் சேரல என்று சொன்னது போதும். நடந்ததை எழுதுங்கள். அடுத்த மே மாதம் இன்னொரு முகாம் நடக்கும்.